அம்மாவின் காலில் உறைந்த ரத்தம்

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்து பதினெட்டாம் நாள் அந்தக் கால் வீங்கிவிட்டது. டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தொடையில் ஓடும் பெரிய நரம்பில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார்கள். சில நாள் வயிற்றில் ஊசி போட்டார்கள், அப்புறம் அசிட்ரோம் மாத்திரை. இப்போது ஒன்றரை மாதம் ஆகிறது. வீக்கம் நன்றாக வற்றிவிட்டது. "கட்டி கரைந்துவிட்டது, ரத்தத்தைத் தண்ணியாக்குகிற மாத்திரை இனிமேல் எதற்கு" என்கிறார் அம்மா. பக்கத்து வீட்டில், "ரத்தம் கெட்டியாகிவிட்டது, கெட்ட ரத்தம் தேங்கிக் கிடக்கிறது. பூண்டுப்பால் கொடு, எண்ணெய் போட்டு நீவிவிடு, இல்லையென்றால் அட்டை விடலாம்" என்கிறார்கள். எனக்குக் கீரை கொடுக்கவே பயமாக இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரத்தம் ஏன் உறைந்தது? அந்தக் கட்டிக்குள் என்னதான் இருக்கிறது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையை நிறுத்த வேண்டாம். இன்று ராத்திரி போட வேண்டியதை இன்று ராத்திரியே போடட்டும். ஏன் நிறுத்தக் கூடாது என்பதற்கான பதில் நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்குள்தான் இருக்கிறது. எத்தனை நாள் மாத்திரை, என்ன சாப்பிடலாம் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டுவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கறிக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கியிருக்கிறீர்களா? பாத்திரத்தில் பிடிக்கும்போது அது தண்ணீர் போலத்தான் ஓடி விழும். கடைக்காரர் நாலு பேருக்குக் கறி நிறுத்துக் கொடுப்பதற்குள் உறைந்து பாளமாகிவிடும். கத்தியால் துண்டு போட்டு இலையில் வைத்துத் தருவார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால், துண்டுகளைச் சுற்றி வெளிர்மஞ்சளாகக் கொஞ்சம் நீர் கசிந்து நிற்கும். ஓடிய ரத்தம் எப்படி நின்றது, பாளத்தைப் பிடித்து வைத்திருப்பது எது, அந்த மஞ்சள் நீர் எங்கிருந்து வந்தது? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் அம்மாவின் காலில் நடந்ததும் தெரிந்துவிடும்.

அந்த ரத்தம் வற்றிக் கெட்டியானதல்ல. அதிலிருந்த தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் உள்ளேயேதான் இருக்கிறது. நோன்பு நேரத்தில் கடல்பாசி காய்ச்சுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரம் தண்ணீருக்குக் கைப்பிடி பாசிதான் போடுகிறோம். ஆறியதும் அத்தனை தண்ணீரும் ஆடாமல் நிற்கிறது. ரத்தத்தையும் இப்படி நிற்க வைக்கிற பொருள் ஒன்று உண்டு. 1666-இல் இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பீகி உறைந்த ரத்தத்தைத் தண்ணீரில் அலசி அலசிச் சிவப்பைப் போக்கிப் பார்த்தார். மிஞ்சியது வெள்ளையாக, நார் நாராக ஒரு வலை. இன்று அதை ஃபைப்ரின் என்கிறோம். புதிதாய் உறைந்த ரத்தத்தில் ஃபைப்ரின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் வலை அதுதான். சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் தண்ணீரும் அந்த வலையில் சிக்கியவை. பிடித்த ரத்தத்தை உடனே ஒரு குச்சியால் விடாமல் கிண்டினால் நார் முழுக்கக் குச்சியில் சுற்றிக்கொள்ளும். பாத்திரத்தில் மிஞ்சுகிற ரத்தம் நிறத்தில் அப்படியேதான் இருக்கும், எவ்வளவு நேரம் வைத்தாலும் உறையாது.

இந்த நார் ஓடுகிற ரத்தத்தில் நாராக இருப்பதில்லை. ஃபைப்ரினோஜன் என்ற புரதமாக, தண்ணீரில் கரைந்த உப்பு போலக் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கிறது. கல்லீரல்தான் இதைச் செய்து அனுப்புகிறது. 100 மில்லி பிளாஸ்மாவில், அதாவது அணுக்களை நீக்கிய ரத்தநீரில், 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்கும். உடம்பில் ஓடுகிற மொத்த ரத்தத்துக்கும் கணக்குப் போட்டால் ஒன்பது, பத்து கிராம். இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை அளவு. உங்களுக்கும் எனக்கும் அம்மாவுக்கும் எப்போதும் இது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. சரி, அப்படியென்றால் ஏன் எல்லா நேரமும் உறைந்துவிடுவதில்லை?

இந்த இடத்தில் நம் மொழியே ஒரு வழி காட்டுகிறது. பாலுக்கும் ரத்தத்துக்கும் உறைதல் என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். பால் தயிராக வேண்டுமென்றால் உறைமோர் விட வேண்டும். ஒரு கரண்டி போதும், ஒரு பானைப் பாலும் தோய்ந்துவிடும். ரத்தத்துக்கும் ஓர் உறைமோர் உண்டு. ஆனால் அது ரத்தத்துக்குள் இல்லை, ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள சதையில் இருக்கிறது. திசுக் காரணி என்று பெயர். நடுவில் குழாயின் உட்சுவர். ஒரே ஓர் அடுக்கு செல்களால் ஆன மெல்லிய பூச்சு அது. ரத்தமும் உறைமோரும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வது அந்தப் பூச்சுதான். ரத்தம் ஒட்டாமல், உறையாமல் வழுக்கிக்கொண்டு போவதற்கான பொருள்களையும் அதுவே சுரக்கிறது. அது நலமாக இருக்கும்வரை ரத்தம் ஓடும்.

அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொள்கிறீர்கள் என்று வையுங்கள். சுவர் அறுகிறது. குழாய் முதலில் தானாகவே சுருங்கிக்கொள்கிறது. அடுத்து வருபவை தட்டணுக்கள். டெங்கு வந்த பிறகு "பிளேட்லெட்" தெரியாத வீடு நம் ஊரில் இல்லை. ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. ஒரு சொட்டு ரத்தம் என்றால் ஒரு கோடியைத் தாண்டும். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய செல்களிலிருந்து பிய்ந்து வருகிற துணுக்குகள் இவை. ஏழு முதல் பத்து நாள் ஆயுசு. சும்மா இருக்கும்போது வழவழப்பான சின்னத் தட்டுகள். அறுந்த இடத்தில் வெளியே தெரிகிற கொலாஜன் நாரைத் தொட்டதும் உருவமே மாறிவிடும். நாலாபக்கமும் கைகளை நீட்டி ஒட்டிக்கொண்டு, உள்ளே பொதிந்து வைத்திருக்கிற பொருள்களை வெளியே விட்டு மற்ற தட்டணுக்களையும் கூப்பிடும். வந்தவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுக்கிற ஆஸ்பிரின் வேலை செய்வது இந்தக் கூப்பிடுகிற கட்டத்தில்தான். ஒரு தட்டணுவின் குரலை ஆஸ்பிரின் ஒருமுறை அடக்கிவிட்டால், அதன் ஆயுசு முடியும்வரை அடக்கியதுதான்.

ஆனால் தட்டணு அடைப்பு மட்டும் நிற்காது, ரத்தத்தின் ஓட்டத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். அதைக் கட்டிப்போட வலை வேண்டும். அறுந்த இடத்தில் உறைமோர் ரத்தத்தில் பட்டுவிட்டதல்லவா? அங்கே ஒரு சங்கிலி தொடங்குகிறது. ரத்தத்தில் தூங்கிக்கொண்டிருக்கிற காரணிகளில் ஒன்று விழித்து அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும். இந்தக் காரணிகளுக்கு 1 முதல் 13 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். 6 என்று மட்டும் ஒன்று கிடையாது. சங்கிலியின் முடிவில் விழிப்பது திராம்பின். முதலில் துளியூண்டுதான் உண்டாகும். அந்தத் துளி பின்னால் திரும்பி, தன்னை எழுப்பியவர்களையே இன்னும் வேகமாக எழுப்பிவிடும். சில நிமிடங்களில் அந்த இடமே திராம்பினால் நிரம்பிவிடும்.

திராம்பின் செய்கிற வேலை எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அது ஒரு கத்தரிக்கோல். ஃபைப்ரினோஜனின் நடுப்பகுதியில் மூடிபோல ஒட்டியிருக்கும் சின்னத் துண்டுகளை நறுக்கி எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். மூடி போனதும் அங்கே பசை வெளிப்படுகிறது. ஒன்றின் நடுவில் இன்னொன்றின் நுனி வந்து ஒட்டுகிறது. இப்படியே நீண்டு இழையாகிறது. இழைகள் சேர்ந்து, கயிறு திரிப்பது போலத் தடித்த நாராகின்றன. பதின்மூன்றாம் காரணி வந்து நார்களுக்குக் குறுக்கே முடிச்சுப் போட்டு இறுக்குகிறது. பிறவியிலேயே இந்தக் காரணி இல்லாத குழந்தைகளுக்கு ரத்தம் உறைவது போலத் தெரியும், பிறகு கட்டு விட்டுப்போய் மறுபடி கசியும். தொப்புள்கொடி விழுந்த இடம் நாள் கணக்காகக் கசிவதைப் பார்த்துத்தான் பலருக்குக் கண்டுபிடிக்கிறோம்.

வலை பின்னியதோடு முடிவதில்லை. நார்களைப் பிடித்துக்கொண்டிருக்கிற தட்டணுக்கள் மெல்ல உள்நோக்கி இழுக்கத் தொடங்கும். கட்டி சுருங்கும், உள்ளிருந்து நீர் வெளியேறும். இலையில் நின்ற மஞ்சள் நீர் இதுதான்; சீரம் என்பது இதையே. இழுக்க இழுக்க, உள்ளே மாட்டிய சிவப்பணுக்கள் ஒன்றையொன்று நெருக்கி, வட்ட வடிவம் போய்ப் பட்டை பட்டையாகிவிடும். மாதுளையை உடைத்தால் முத்துகள் ஒன்றோடொன்று அழுந்திப் பட்டை பிடித்திருக்குமே, அதே போல. 2014-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். இடைவெளியே இல்லாமல் அடைந்திருப்பதால் அப்படிப்பட்ட கட்டிக்குள் எதுவும் எளிதில் புக முடியாது. கட்டி கரைய ஏன் இத்தனை நாள் ஆகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"ரத்தம் கெட்டி" என்கிற பேச்சு எவ்வளவு தவறு என்பதை நான் கற்றுக்கொண்டது பாடப் புத்தகத்தில் அல்ல, பாம்புக்கடி வார்டில். பயிற்சி மருத்துவராக இருந்தபோது, வயலில் கண்ணாடி விரியன் கடித்து வந்தவர்களுக்குக் கட்டிலருகிலேயே ஒரு சோதனை செய்வோம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் சில மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் நிறுத்திவைத்து, சரியாக 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். கடிபட்டவரின் மனைவி அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பார். 20 நிமிடம் ஆனதும் குழாயை ஒருமுறை சாய்ப்போம். உறைந்திருந்தால் பாளம் அப்படியே நிற்கும். விஷம் ஏறியிருந்தால் சிவப்புத் தண்ணீராகச் சாய்ந்து ஓடும். அந்த நொடியில் விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கிவிடுவோம். (அந்த மருந்து செய்ய வேண்டிய விஷத்தை எடுத்துத் தருபவர்கள், வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். அவர்களுக்கு நம் வார்டுகள் பட்டிருக்கிற கடன் பெரிது.)

அந்த விஷம் உறைதலைத் தடுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறானது. அது 5-ஆம், 10-ஆம் காரணிகளைக் கண்ட இடத்தில் எல்லாம் தட்டி எழுப்பிவிடுகிறது. உடம்பெங்கும் தேவையில்லாமல் உறைதல் நடந்து, அந்த இரண்டு தேக்கரண்டி ஃபைப்ரினோஜனும் தீர்ந்துபோகிறது. பிறகு பல் ஈறில் ரத்தம் கசிந்தால்கூட அடைக்கச் சரக்கு இல்லை. ரத்தம் நீர்த்துவிடவில்லை, வலை பின்ன நூல் இல்லாமல் போய்விட்டது. உறைவதும் உறையாததும் ரத்தத்தின் கெட்டித்தன்மையைப் பொறுத்ததே அல்ல. அம்மாவின் ரத்தமும் கெட்டியாகவில்லை, கெடவும் இல்லை. கையில் ஊசி குத்தி எடுத்தால் என் ரத்தம் போலத்தான் ஓடும்.

அப்படியென்றால் காலில் ஏன்? அங்கே யாரும் வெட்டவில்லையே? (நரம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் அது சிரை. காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தை மேலே ஏற்றுகிற குழாய்.) ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ 1856-இல் எழுதியதிலிருந்து வந்த மூன்று காரணங்களை இன்றைக்கும் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம்: ஓட்டம் மந்தமாவது, உட்சுவர் புண்படுவது, ரத்தத்தின் உறையும் போக்கு கூடுவது. அம்மாவுக்கு மூன்றுமே ஒரே வாரத்தில் வந்தன.

கெண்டைச்சதையை இரண்டாவது இதயம் என்பார்கள். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அது சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். படுத்தே இருந்தால் அந்தப் பிழிதல் நின்றுவிடும். சிரைக்குள் ரத்தம் கீழே இறங்காமல் இருக்கச் சின்னக் கதவுகள், வால்வுகள், உண்டு. அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பை போன்ற குழிவு. ஆற்றில் ஓட்டம் குறைந்தால் கரையோரக் குழியில் தண்ணீர் சுழன்று தேங்குமே, அது போல ரத்தம் அங்கே தேங்குகிறது. பிராணவாயு குறைகிறது, உட்சுவர் வாடுகிறது, ஒட்டவிடாமல் வைத்திருக்கிற குணத்தை இழக்கிறது. அறுவை சிகிச்சையில் எலும்பும் சதையும் அறுபட்டதால் உடம்பு முழுவதுமே "எங்கோ காயம், அடைக்கத் தயாராக இரு" என்கிற நிலையில் இருக்கிறது. கல்லீரல் ஃபைப்ரினோஜனைக் கூடுதலாகவே செய்து அனுப்புகிறது. அந்தக் குழிவில் ஒரு சிறு வலை விழுகிறது. அதன்மேல் இன்னொரு அடுக்கு. அப்படியே மேலே வளர்கிறது. யார் தப்பும் இல்லை. அம்மாவைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்று உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே ஒரு வருத்தம் தெரிகிறது. அதை விட்டுவிடுங்கள்.

இப்படி மந்தமான சிரையில் உண்டாகிற கட்டி சிவப்பு. ஃபைப்ரின் வலையும் அதில் சிக்கிய சிவப்பணுக்களும்தான் பெரும்பகுதி. மாரடைப்பில் இதயத் தமனியை அடைக்கிற கட்டி வேறு மாதிரி. அங்கே ரத்தம் வேகமாகப் பாய்கிறது, கொழுப்புப் படிவு வெடித்த இடத்தில் தட்டணுக்கள்தான் முதலில் குவியும். கட்டி வெளுப்பாக இருக்கும். அதனால்தான் அவர்களுக்கு ஆஸ்பிரின் போன்ற தட்டணு மருந்து, உங்கள் அம்மாவுக்கு வலை பின்னுவதைத் தடுக்கும் மருந்து. இரண்டையும் ஊரில் "ரத்தம் நீர்க்கிற மாத்திரை" என்ற ஒரே பெயரில் சொல்வதால் எதிர்வீட்டுத் தாத்தாவின் மாத்திரையும் அம்மாவின் மாத்திரையும் ஒன்று என்று ஆகிவிடுகிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி கரைகிற கதை. வலை பின்னும்போதே அதை அறுக்கும் ஆளையும் உடம்பு அதற்குள் வைத்தே பின்னுகிறது. பிளாஸ்மினோஜன் என்ற புரதம் நார்களில் ஒட்டிக்கொண்டு தூங்கும். சுற்றியுள்ள உட்சுவர் செல்கள் மெதுவாக ஒரு பொருளை விட்டு அதை எழுப்பும். எழுந்ததும் அது பிளாஸ்மின்; நாரைத் துண்டு துண்டாக வெட்டும். அந்தத் துண்டுகளில் ஒன்றைத்தான் டி-டைமர் என்று ரத்தத்தில் அளக்கிறோம். ஆக, அம்மாவின் கட்டியைக் கரைத்துக்கொண்டிருப்பது அவருடைய உடம்பேதான். அசிட்ரோம் ஒரு நாரைக்கூடக் கரைக்காது, ரத்தத்தைத் தண்ணீராகவும் ஆக்காது. அது செய்வது ஒன்றே ஒன்று: புதிய வலை பின்னுவதை மட்டுப்படுத்துகிறது. ஒரு பக்கம் பின்னலும் மறுபக்கம் அறுத்தலும் நடக்கிற இடத்தில், பின்னுகிறவன் கையைப் பிடித்துக்கொண்டால் அறுக்கிறவன் ஜெயிப்பான். கையை நடுவில் விட்டுவிட்டால்?

வீக்கம் வற்றியது நல்ல செய்திதான், ஆனால் கட்டி முழுக்கக் கரைந்ததற்கு அது அத்தாட்சி ஆகாது. பக்கத்திலுள்ள சிறு சிரைகள் வழியே ரத்தம் மாற்றுப்பாதை பிடித்திருந்தாலும் வீக்கம் வற்றும். மிச்சமிருக்கிற வலையின் மேல் திராம்பினும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருந்து விலகினால் பழைய இடத்திலிருந்தே மறுபடி வளரும். முதல் மூன்று மாதங்களில்தான் திரும்ப வரும் ஆபத்து அதிகம். அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த இப்படிப்பட்ட உறைவுக்குக் குறைந்தது 3 மாதம் மருந்து என்பது அதனால்தான். அதற்கு மேல் வேண்டுமா என்பதை அம்மாவைப் பார்க்கிற மருத்துவர் முடிவு செய்வார். எங்கள் பயம் காலைப் பற்றியது மட்டுமல்ல. கட்டியின் நுனி பிய்ந்து மேலே போனால், இதயத்தைத் தாண்டி நுரையீரல் தமனியில் போய் அடைக்கும். திடீரென்று மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம், மயக்கம் என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அசிட்ரோம் எப்படி அந்தக் கையைப் பிடிக்கிறது என்பதற்குப் பின்னால் ஒரு மாட்டுக் கதை இருக்கிறது. 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இனிப்புக் கிளோவர் என்ற தீவனச் செடியின் கெட்டுப்போன வைக்கோலைத் தின்ற மாடுகள், சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933 குளிர்காலத்தில் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்த கிடேரியையும் அந்த வைக்கோலையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் போட்டுக்கொண்டு, பனிப்புயலில் கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கேனைப் பார்த்தவர்கள் விடவில்லை. ஆறு வருடம் உழைத்து, வைக்கோலில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதர்களுக்கான மருந்தாயிற்று. அசிட்ரோம் அதே குடும்பம். எலி மருந்து என்றதும் அம்மா பயந்துவிட வேண்டாம், அளவுதான் மருந்து. அதனால்தான் அளவைச் சோதித்துக்கொண்டே இருக்கிறோம்.

உறையவைக்கும் காரணிகளில் 2, 7, 9, 10 ஆகிய நான்குக்கும் கல்லீரல் கடைசியாக ஒரு கொக்கி மாட்டி அனுப்பும். கொக்கி இருந்தால்தான் அவை தட்டணுவின் மேல் போய்ப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய முடியும். கொக்கி மாட்ட வைட்டமின் கே வேண்டும். அசிட்ரோம் அந்த வைட்டமினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த விடாமல் செய்கிறது. ஏற்கெனவே கொக்கியோடு ஓடிக்கொண்டிருக்கிற காரணிகள் தீர்ந்துபோகச் சில நாள் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் வயிற்றில் ஹெப்பாரின் வகை ஊசி போட்டார்கள்.

கீரைப் பயம் வந்ததும் இங்கிருந்துதான். வைட்டமின் கே கீரையில் நிறைய இருக்கிறது. அதற்காகக் கீரையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடுத்த வாரம் அளவு தாறுமாறாகும். வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்றால் எப்போதும் இரண்டு நாள். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்பதுதான் கூடாது. பூண்டு சமையலில் எப்போதும் போடுவது போல இருக்கட்டும். மருந்தாக நினைத்து அரைத்துக் குடிப்பது, மாத்திரையாக விழுங்குவது வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். காலை நீவிவிடவே கூடாது. உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிற கட்டியைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்புகிற வேலை அது. நடப்பது வேறு. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் சொன்ன அளவுக்கு அம்மா தினமும் நடக்கட்டும், கெண்டைச்சதை தன் வேலையைச் செய்யும்.

அட்டையைப் பற்றிக் கேட்டதில் தப்பில்லை. அதன் எச்சிலில் ஹிருடின் என்ற பொருள் இருக்கிறது, திராம்பின் என்ற கத்தரிக்கோலை நேராகப் பிடித்து முடக்கிவிடும். வயலில் அட்டை கடித்த இடம் நீண்ட நேரம் கசிவது அதனால்தான். ஆனால் அது கடித்த இடத்துத் தோலில் மட்டும் நடக்கிற காரியம், தொடையின் ஆழத்திலிருக்கிற சிரையை எட்டாது. அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்கு அட்டை விட்டால் ரத்தம் நிற்பதே பாடாகிவிடும். கட்டாயம் வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் எழுதாதது. புது மூட்டு வலிக்கும். வலித்தால் அம்மா பெட்டிக்கடையிலோ மருந்துக்கடையிலோ ஏதாவது வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரியானவை அசிட்ரோமுடன் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். எந்த வலி மாத்திரை ஆகும் என்று மருத்துவரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி அவர் கைப்பையில் வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும், வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தை "அசிட்ரோம் சாப்பிடுகிறேன்" என்பதாக இருக்கட்டும். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஸ்கேன், ஊசி, மாத்திரை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், பி.டி. ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. மருந்து அந்தக் கையைத் தளர்வாகப் பிடித்திருக்கிறதா, முறுக்கிப் பிடித்திருக்கிறதா என்று சொல்வது அது ஒன்றுதான். அம்மாவுக்கு அந்த ஐ.என்.ஆர். எண் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று பாருங்கள். மூன்று, நான்கு வாரம் ஆகியிருந்தால் நாளைக் காலையிலேயே எடுத்து, சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள்.